ஆமையோட்டுப் பிடி

ஷௌகத் அலியிடம் முப்பத்திநான்கு சவரக்கத்திகள் இருந்தன. எல்லாம் பழைய மடக்குக் கத்திகள். பிடிக்குள் அலகு படுத்திருக்கும், கட்டைவிரலால் தள்ளினால் எழுந்து நிற்கும். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அடித்தவை. நூறு வருஷத்துக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை. அவர் முகத்திலோ நெஞ்சுவரை தாடி.

"தாடிக்காரருக்கு எதுக்குப் பாய் இத்தனை கத்தி?" என்று வீரபாண்டி கேட்பான். "வழுக்கைத் தலையன் வீட்ல சீப்பு அடுக்கி வெச்ச மாதிரி."

"உன் கழுத்துக்குத்தான். எது பொருந்தும்னு பாத்துட்டிருக்கேன்."

வீரபாண்டி கம்பத்துக்காரன். பதினைந்து வருஷத்துக்கு முன்பு கட்டட வேலைக்கு வந்து, இப்போது தோப்பும்படியில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருக்கிறான். மட்டாஞ்சேரியில் தமிழ் பேசி சாயா குடிக்க அவனுக்குக் கிடைத்த ஆள் ஷௌகத் அலி. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம்.

ஷௌகத் அலி பஜார் ரோட்டில் முப்பத்தாறு வருஷம் சுமட்டுத் தொழிலாளியாக மூட்டை சுமந்தவர். மிளகு, சுக்கு, அரிசி. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சுக்கு மூட்டை தோளில் ஏறும்போது இடுப்பில் ஏதோ அறுந்த மாதிரி சத்தம் கேட்டது. அது அவருக்கு மட்டும்தான் கேட்டது. அதோடு வேலை முடிந்தது. இப்போது உட்கார்ந்தால் எழ, எழுந்தால் நிமிர, யாராவது கை கொடுக்க வேண்டும்.

கத்திகள் அவருக்கு வந்த வழி வேறு யாருக்கும் வாய்க்காது. அந்தத் தெருக்களில் லாரியிலிருந்து சரக்கு இறங்கினால் யூனியன்காரர்கள்தான் இறக்க வேண்டும். கடைக்காரர் தன் சொந்த ஆளை வைத்து இறக்கிக்கொண்டால், நின்று பார்த்ததற்கு யூனியன்காரர்களுக்குக் கூலி உண்டு. நோக்குகூலி என்று பெயர். பிற்பாடு அரசாங்கம் தடை செய்தது. அன்றைக்கு அது சூரியன் உதிப்பதுபோல வழக்கம். யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு, இடித்த வீடுகளிலிருந்து அலமாரியும் கண்ணாடியும் பீங்கானும் லாரி லாரியாக வரும். உடைந்துவிடும் என்ற பயத்தில் கடைக்காரர்கள் சொந்த ஆட்களை வைத்தே இறக்குவார்கள். ஷௌகத் அலியின் கூட்டம் எதிர்ச்சுவரில் சாய்ந்து பீடி குடித்தபடி பார்க்கும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு மேஜையின் இழுப்பறை நழுவி ரோட்டில் கொட்டியது. அதில் ஒரு சவரக்கத்தி அவர் காலருகே வந்து விழுந்தது. எடுத்தார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. பதினைந்து வயதிலிருந்து ஐம்பது கிலோவுக்குக் குறைந்த எதையும் யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. இது ஐம்பது கிராம் இருக்கும். திறந்தார். வெயில் அலகில் ஏறி இறங்கியது. இவ்வளவு இலேசான ஒன்றை இவ்வளவு கவனமாக ஒரு மனிதன் செய்திருக்கிறான் என்பது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது.

"என் பங்கு நோக்குகூலி வேண்டாம். இதை எடுத்துக்கறேன்" என்றார்.

கடைக்காரருக்குச் சந்தோஷம். கூட்டத்துக்குச் சிரிப்பு. அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. சரக்கில் சவரக்கத்தி கிடைத்தால் கடைக்காரர்கள் எடுத்து வைத்தார்கள். ஷௌகத் அலி தன் பங்கை விட்டுக்கொடுத்து அதை வாங்கினார். எல்லாவற்றையும் எடுக்கவில்லை. போகப்போக வேண்டாம் என்று சொல்லவும் கற்றுக்கொண்டார். முப்பது வருஷத்தில் முப்பத்திநான்கு.

அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அலகின் வால்பக்கம் அடித்திருக்கும் முத்திரைகளைப் படம்போல மனதில் வைத்திருந்தார். கிரீடம் போட்டது, இரட்டை மனிதன் போட்டது, ஒரு எழுத்து தலைகீழாக விழுந்தது. நகத்தால் அலகைச் சுண்டுவார். வயிறு ஒட்டின மெல்லிய அலகு பாடும், தடித்தது ஊமை. பிடியை வெளிச்சத்தில் பிடித்து எருமைக்கொம்பா, எலும்பா, தந்தமா என்று சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வைத்திருந்தது ஆமையோட்டுப் பிடி போட்ட ஒன்று. தேன் நிறத்தில் கருந்திட்டு. சூரியனுக்கு நேரே பிடித்தால் உள்ளே விளக்கு ஏற்றினதுபோல இருக்கும். விரலால் தேய்த்தால் கற்பூரம் மணக்கும்.

"வெள்ளைக்காரன் கற்பூரப் பெட்டியில வெச்சுப் பாதுகாத்திருக்கான். அத்தனை விலை அதுக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வருகிறவர்கள் என்று பெரிதாக யாருமில்லை. போன ஜனவரியில் ஸ்நேஹா வந்தாள். பஜார் ரோட்டின் பழைய குடோன் ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து கண்காட்சிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். அவள் அங்கே பொறுப்பில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். பாலக்காட்டுக்காரி, அம்மா வழியில் தமிழ். ஒரு முழுநாள் தரையில் உட்கார்ந்து அவர் சொல்வதையெல்லாம் போனில் பதிந்தாள். அவர் மனைவி லதீஃபா மூன்று தடவை சாயா போட்டாள்.

"இக்கா, இதெல்லாம் ஆரு சொல்லித் தந்தது?"

"ஆரும் இல்ல மோளே. பாத்துப் பாத்துத்தான். எனக்குப் பார்க்கறதுக்குத்தானே கூலி."

அவள் சிரித்தாள். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை திறக்கும் கண்காட்சியில் ஓர் அறை முழுக்க அவருடைய கத்திகள் என்று முடிவு செய்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் அட்டை, அவர் சொன்னது அவர் வார்த்தையில். ஆமையோட்டுப் பிடி போட்டதற்கு மட்டும் வனத்துறையில் அனுமதிக் காகிதம் வாங்க வேண்டியிருக்கும், பார்க்கிறேன் என்றாள்.

"சுவர்ல இக்காவோட பேர் பெரிசா வரும். பேருக்குக் கீழ சுமட்டுத் தொழிலாளின்னு போடுவோம், அல்லே? ஆளுகளுக்கு ரொம்ப இஷ்டப்படும்."

"அது மட்டும் வேண்டாம்."

"ஏன் இக்கா? அதுல என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு சொல்லல. முப்பத்தாறு வருஷம் அந்தப் பேர்லதான் விளிச்சாங்க. செத்தாலும் அதைத்தான் சொல்வாங்க. இந்த ஒரு சுவர்ல மட்டும் கத்தி சேகரிச்சவன்னு எழுது. அது போதும் எனக்கு."

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். எழுதிக்கொண்டாள். "ஷரி இக்கா. வாக்கு."

அன்றிலிருந்து ஷௌகத் அலி அந்த அட்டைக்காகத்தான் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. மகள் ஷம்சியாவுக்கு ஆலுவாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள் மாமியார் வீட்டில் சொன்னாள். பழைய யூனியன் ஆட்களிடம் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. "நோக்குகூலிக்குக் கண்காட்சியா" என்று கேட்டார்கள். வந்து பாருங்கள் என்றார்.

மழைக்காலம் வருவதற்குள் கத்திகளைப் பத்திரம் செய்ய வேண்டும். அவர் வீடு ஓடைக்கரையில். கடல் ஏறும் நாட்களில் வீட்டுக்குள் கணுக்கால் வரை உப்புத் தண்ணீர் நிற்கும். சுவரெல்லாம் உப்பு பூத்திருக்கும். இத்தனை வருஷமும் கத்திகளை ஒரு துணியில் சுருட்டி, வாரம் ஒருமுறை எடுத்து எண்ணெய் தடவி வைத்தவர்தான். இந்த வருஷம் அது போதாது என்று தோன்றியது. அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு குடோன் பாதுகாப்பு. சுக்கைக் கப்பலில் ஏற்றும்போது நன்றாகக் காயவைத்து, காற்றுப் போகாமல் கட்டுவார்கள். கட்டு சரியாக இருந்தால் ஒரு வருஷமானாலும் பூசணம் பிடிக்காது. ஆயிரக்கணக்கான மூட்டைகளை அவர் தோள் அப்படிச் சுமந்திருக்கிறது.

மே மாதத்தில் பேக்கரியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் தகரம் வாங்கிவந்தார். உள்ளே பாலித்தீன் விரித்தார். கத்திகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். ஈரம் இழுக்க வறுத்த அரிசி ஒரு பொட்டலம். ஆமையோட்டுப் பிடி போட்டதைத் தன் கைக்குட்டையில் சுற்றி, எல்லாவற்றுக்கும் நடுவில், பத்திரமான இடத்தில் வைத்தார். மூடியைச் சுற்றி மூன்று சுற்றுக் கறுப்பு டேப். அதன்மேல் மெழுகு உருக்கி ஊற்றினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், பரணில் ஏற்றச் சொன்னார். வீரபாண்டி ஏற்றினான்.

"இந்தக் கட்டுக்கட்டி அனுப்பினா அமெரிக்கா வரைக்கும் போகும் பாய்."

"நவம்பர் வரைக்கும் யாரும் தொடப்படாது" என்றார் ஷௌகத் அலி.

கர்க்கடக மாதம், தமிழுக்கு ஆடி, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், லதீஃபா பரணைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"மேல என்னமோ நாறுது."

"எலி செத்திருக்கும்."

"எலி செத்தா எலி நாத்தம் அடிக்கும். இது கக்கூஸ் கழுவுற ஆசிட் நாத்தம். தொண்டையில பிடிக்குது."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

"உங்க மூக்கு மிளகுக் குடோன்ல என்னைக்கோ மௌத்தாப் போச்சு. அந்தப் பெட்டியைத்தான் ஒருக்கா தொறந்து பாருங்களேன்."

"பைத்தியமா உனக்கு? இந்த மழையில டேப்பைப் பிரிச்சா ஈரமெல்லாம் உள்ள கேறும். அதுக்காகவா கட்டி வெச்சிருக்கேன்?"

அவள் இன்னும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு பரணுக்குக் கீழே படுப்பதை விட்டுவிட்டு அடுக்களையில் பாய் விரித்தாள். பெட்டியைத் தொடவில்லை. தொடாதே என்று அவர் சொன்னதைத் தொட்ட பழக்கம் அவளுக்கில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு பெட்டியை இறக்கினார்கள். கண்காட்சிக்கு ஐந்து நாள். வீரபாண்டி டேப்பை அறுத்து மூடியை நெம்பியதும் இருமிக்கொண்டே பின்னால் போனான். ஷௌகத் அலிக்குக்கூட வாடை தெரிந்தது.

துணிகள் தவிட்டு நிறமாக மாறியிருந்தன. நடுவிலிருந்த கைக்குட்டையைத் தொட்டதும் பொடிந்தது. ஆமையோட்டுப் பிடி வறண்ட குளத்துச் சேறுபோலக் கட்டம் கட்டமாக வெடித்து, பிசுபிசுத்து, பச்சை படிந்து கிடந்தது. பிடிக்குள் கிடந்த அலகை யாரோ கடித்துத் தின்ற மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்திலிருந்தவையும் அப்படியே. தள்ளியிருந்தவற்றில் துரு ரோமம்போல முளைத்திருந்தது. கிரீடம் இல்லை, இரட்டை மனிதன் இல்லை. எண்ணெய் பிசினாகியிருந்தது.

அவர் பத்திரிகைத் தாளை விரித்து முப்பத்திநான்கையும் வரிசையாக வைத்தார். அவசரப்படவில்லை. ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டினார். தகரத்தைத் தட்டின சத்தம். அடுத்ததைச் சுண்டினார். அதற்கடுத்ததை.

"நான் சொன்னேன்" என்றாள் லதீஃபா.

அதை அவள் ஒரு தடவைதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

மறுநாள் காலை கத்திகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு தோப்பும்படிக்கு ஆட்டோவில் போனார். பட்டறையில் பாலிஷ் சக்கரம் இருந்தது. முதல் கத்தியில் வீரபாண்டி துருவை எடுத்தான். துருவோடு முத்திரையும் போயிற்று. கீழே வெறும் குழிகள். இரண்டாவதில் அலகின் ஓரம் நீலமாகியது.

"சூடு ஏறிடுச்சு பாய். இனி கூர் நிக்காது."

"கூர் எதுக்குடா? பார்வைக்கு இருந்தா போதும். அடுத்தது எடு."

மூன்றாவது சக்கரத்தில் பட்டதும் முறிந்து சுவரில் போய் அடித்தது. வீரபாண்டியின் காதுக்கு ஒரு சாண் தூரம். அவன் மோட்டாரை நிறுத்தினான்.

"உள்ள ஒண்ணுமில்ல பாய். அப்பளம் மாதிரி இருக்கு. நான் செய்யமாட்டேன்."

"சக்கரத்தை மெதுவா ஓட்டிப் பாரேன்."

"மெதுவா ஓட்டினா மெதுவா உடையும்."

ஷௌகத் அலி ஸ்நேஹாவுக்குப் போன் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள். அட்டைகள் அச்சாகி வந்திருந்தன. அதைக் காட்டும் சந்தோஷத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தவள், தரையில் தாள்மேல் மறுபடி பரப்பியிருந்த கத்திகளைப் பார்த்ததும் நிறுத்தினாள். கீழே உட்கார்ந்தாள். பிடியின் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள்.

"எங்க வெச்சிருந்தீங்க இக்கா?"

சொன்னார். தகரம், பாலித்தீன், டேப், மெழுகு. ஒன்றையும் விடாமல் சொன்னார். சரியாகத்தானே செய்தேன் என்பது அந்தச் சொல்லில் இருந்தது.

"இக்கா, இது ஆமையோடு அல்ல" என்றாள் அவள் மெதுவாக. "செல்லுலாய்டு. பழைய காலத்துப் பிளாஸ்டிக். ஆமையோடு மாதிரியே செய்வாங்க. நாளானா இது தானே கெட்டு ஆசிட் விடும். காத்தாட வெச்சிருந்தா ஆசிட் போயிடும், இது மட்டும்தான் கெடும். அடைச்சு வெச்சா..."

"ஆமையோடுதான்" என்றார் ஷௌகத் அலி. "முப்பது வருஷமாப் பாக்கறேன். எனக்குத் தெரியாதா? வெளிச்சத்துல பிடிச்சா உள்ள எரியும்."

"தேய்ச்சா கற்பூரம் மணக்குமா?"

லதீஃபாதான் சொன்னாள். "மணக்கும். அதைத்தானே எல்லார்கிட்டயும் சொல்வாரு."

"கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்யறது."

ஓடையில் ஒரு வள்ளம் மோட்டார் சத்தத்தோடு போயிற்று. அவர் அந்தத் துண்டை ஸ்நேஹாவிடமிருந்து வாங்கித் தாளில் வைத்தார்.

"அப்ப வனத்துறைக் காகிதம் வேண்டாம்" என்றார்.

அவள் அழுதுவிடுவாள்போல இருந்தாள். ஆனால் அவளுக்கு வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு, ஓர் அறை காலி. கத்திகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்படியே வைக்கலாம் இக்கா. துருவோட. கடலும் காலமும் தின்ன மாதிரி. இப்ப இதுதான் ஆளுகளுக்கு இஷ்டம்."

"கடலும் திங்கல, காலமும் திங்கல. நான் கெடுத்தேன். கீழ அப்படி எழுதுவியா?"

அவள் அட்டைக்கட்டை மடியில் கவிழ்த்தாள்.

"எழுதமாட்ட. வேண்டாம்."

அவள் எழுந்தாள். போகும்போது கதவு மறைவில் சுவரைப் பார்த்தாள். அங்கே ஓர் ஆணியில் மூட்டைக் கொக்கி தொங்கியது. இரும்பில் வளைத்த ஒரு கை நீளக் கொக்கி, மரப்பிடி. மூட்டையைக் குத்தி இழுத்துத் தோளுக்கு ஏற்றுவதற்கு. முப்பத்தாறு வருஷ வியர்வையில் பிடி கறுத்து மினுங்கியது. இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

ஸ்நேஹா கேட்கவில்லை. நின்று பார்த்தாள், அவ்வளவுதான். கொக்கியை ஆணியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தது லதீஃபா.

"ஏய்" என்றார் ஷௌகத் அலி.

"ஷம்சியா மாமியார் வீட்ல பதினோரு பேருக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை வேன் பிடிச்சு வர்றாங்க. வந்து எதைப் பார்ப்பாங்க? வெத்துச் சுவரையா?" அவள் குரல் உயரவில்லை. "உங்க பேராவது இருக்கட்டும்."

அவர் லதீஃபாவைப் பார்த்தார், ஸ்நேஹாவைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை.

கத்திகளை வீரபாண்டி கொண்டுபோனான். பழைய இரும்புக்காரன் அலகு எடுக்கமாட்டேன் என்றதால் பட்டறையின் பின்னால் குழி தோண்டி மூடினான். அதை அவன் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வீரபாண்டி கூட வந்தான். அவர் மூட்டை இறக்கின குடோன்தான் அது. எந்த மூலையில் மழை ஒழுகும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஓர் அறை முழுக்க வெள்ளைச் சுவர், நடுவில் கொக்கி, அதன்மேல் ஒரு விளக்கு. கீழே மூன்று மொழியில் அட்டை. மலையாளத்தை வாசித்தார். ஷௌகத் அலி. அதற்கடுத்த வரியில், சுமட்டுத் தொழிலாளி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் எடை, ஆண்டு, தெருவின் பெயர்.

ஸ்நேஹா பக்கத்தில் வந்து நின்றாள். "இக்கா, கொக்கிக்கு வேற என்ன எழுதறதுன்னு எனக்கு..."

"சரியாத்தான் இருக்கு" என்றார். "கொக்கிக்கு அதுதான் எழுத முடியும்."

ஷம்சியாவின் மாமனார் அட்டையைப் படித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சம்மந்தி, பெரிய ஆளாயிட்டீங்க" என்றார். லதீஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எல்லோரையும் பார்த்தாள். பழைய யூனியன் ஆட்கள் நாலு பேர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "கத்தி எங்கடா?" என்று ஒருவன் கேட்டான். அவர் கேட்காததுபோல நின்றார்.

கேமராவோடு ஒரு பையன் வந்தான். பத்திரிகையோ, வேறு எதுவோ. கொக்கியை இறக்கி அவர் கையில் கொடுக்கச் சொன்னான். ஸ்நேஹா இறக்கிக் கொடுத்தாள். கை தானாக அதைப் பிடித்தது.

"தோள்ல வைங்க இக்கா. ஆங். இப்ப கொஞ்சம் குனிங்க, மூட்டை இருக்குற மாதிரி."

வீரபாண்டி ஓரடி முன்னால் வந்தான். "அவருக்கு இடுப்பு..."

"விடு" என்றார் ஷௌகத் அலி.

குனிந்தார். தரை தெரிந்தது. பழைய சிவப்புத் தரையை அப்படியே விட்டிருந்தார்கள். பையன் மண்டியிட்டு, பக்கவாட்டில் போய், மறுபடி முன்னால் வந்தான். இடுப்பில் வலி ஆரம்பித்துக் கால்வரை இறங்கியது.

"சூப்பர். இன்னொண்ணு எடுக்கட்டா இக்கா?"

"எடு" என்றார்.